பூ வெள்ளை, மேப் ஊதா

அது தொண்ணூற்றாறாம் வருஷம். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம், அதனால் மறக்கவில்லை. சிங்காநல்லூரில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரிக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். காலையில் வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறச் சட்டையை எடுக்கலாம், அப்படிப்பட்ட இடம். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பவுண்டரியிலேயே மோல்டிங் வேலை. எனக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றும் வேலை. உழைக்க நாங்கள் பயந்ததே இல்லை. எங்களைப் பயமுறுத்தியது மகளின் மூச்சுதான்.

அவளுக்கு இளைப்பு. பனிக்காலம் வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். படுக்க முடியாது, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கண் அசருவாள். மருந்து எழுதி எழுதிச் சலித்துப்போன டாக்டர் ஒருநாள் பேனாவை மூடிவிட்டு, “மருந்து நான் குடுத்தறேனுங்க. காத்தை யாரு குடுக்கறது? பொகை இல்லாத எடமாப் பாத்துப் போயிருங்க” என்றார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போதே மனசில் முடிவு செய்துவிட்டேன்.

வாடகைக்கே வேறு இடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனோம், இரண்டு தடவை. போன இடத்தில் எல்லாம் வருஷம் திரும்புவதற்குள் பக்கத்தில் ஒரு பட்டறையோ உலையோ முளைத்தது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அலைந்து சலித்துவிட்டது. இனிமேல் போனால் ஒரே இடம், சொந்த இடம், யாரும் வந்து புகை விட முடியாத இடம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயம் கோயமுத்தூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் சைட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சோளக்காட்டை உழுது சமப்படுத்தி, வெள்ளையடித்த கல் நட்டு, நாலு கொடியைக் கட்டிவிட்டால் அது ஒரு நகர். வேன் வைத்துக் கூட்டிப்போய், சாமியானா போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடும் போட்டுக் காட்டுவார்கள். என் வீட்டுக்காரரின் அக்காவுடைய கணவர் அப்படி ஒரு நிலக்காரருக்கு சைட் விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவோம். அவர் கணவர் எனக்கு அண்ணன் முறை. என் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அக்கா தங்கை செய்யும் இணைச்சீரைச் செய்தவர் நங்கையாதான். அந்தக் குடும்பத்தின் மேல் எங்களுக்கு அவ்வளவு மரியாதை.

அண்ணன் காட்டிய இடம் ஊரைத் தாண்டிக் கிழக்கே இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான இடம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் சோளம், நடுவில் சிலுசிலுவென்று பாலக்காட்டுக் காற்று. மகள் அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் ஓடி ஓடி விளையாடினாள். ஓடியும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. நான் அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன், விசில் சத்தம் இல்லை. மூலை சைட்டைத் தன் பேருக்கே எடுத்துக்கொண்டதாக அண்ணன் சொன்னார். அதற்கு அடுத்தது எங்களுக்கு. அக்காவும் தம்பியுமாகச் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கலாம் என்று நங்கையாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அப்புறம் ஆரம்பித்தது பரீட்சை. மண் வாங்குவதென்றால் எங்கள் ஆட்கள் லேசில் வாங்கிவிட மாட்டார்கள். நீரோட்டம் பார்க்கிறவர் வந்து உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். ஓர் இடத்தில் அது நட்டுக்க நின்றது, தண்ணீர் உண்டு. வாஸ்துக்காரர் வந்து ஈசானி மூலையைப் பார்த்தார், தெருக்குத்து இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மண்ணைத் தோண்டி அதே குழியில் போட்டு மூடினால் மண் மிஞ்ச வேண்டுமாம், மிஞ்சியது. கடைசியாகக் குலதெய்வம் கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள், ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் மகளையே எடுக்க வைத்தோம். வெள்ளை அரளி வந்தது. நங்கையா குலவை போடாத குறைதான்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். ஆவணியில் முதல் முகூர்த்தத்தன்று நங்கையா வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றி முன்பணம் கொடுப்பதாக முடிவாயிற்று. முன்பணத்துக்கு என் சங்கிலியையும் வளையலையும் விற்பதாகப் பேச்சு. எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. பிள்ளை மூச்சுவிடக் கழுத்தில் கிடப்பது போனால் போகட்டும்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சைட் பார்க்கப் போனபோது தோப்புக்கு அந்தப்பக்கம் புதிதாகக் கரண்டுக் கம்பம் நட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு இழுக்கிற கம்பி இல்லை, உயரமான கம்பத்தில் போகிற பெரிய லைன். சுற்றிலும் ஒரு கட்டடம்கூடக் கிடையாது. யாருக்காக இவ்வளவு பெரிய லைன் என்று அண்ணனைக் கேட்டேன். “எல்லாம் நமக்குத்தான் அம்மணி. பின்னால டவுனே இங்கதான் வரப்போகுது” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அந்த மாதிரி லைன் மில்லுக்கு, பவுண்டரிக்கு இழுக்கறதாச்சே” என்றார். சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னார். அவர் முதலாளி ஊருக்கு வெளியே புதுசாக ஓர் உலை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாராம். எத்தனையோ இடம் பார்த்தும், ஜோன் சரியில்லை, ஜோன் சரியில்லை என்று தள்ளிவிட்டாராம்.

“ஜோன்னா என்னங்க?”

“எந்த எடத்துல எது கட்டலாம்னு கவர்மென்ட்டு ஒரு மேப்பு போட்டு வெச்சிருக்குதாம். வீட்டுக்குத் தனி, கம்பெனிக்குத் தனி.”

“நம்ம சைட்டு எதுல வருதுங்க?”

அவர் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அக்கா ஊட்டுக்காரரு பாக்காமயா இருப்பாரு?” என்றார்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கொங்குப் பக்கம் மரியாதைக்குப் பேர் போனது. திட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத் திட்டுவோம். அந்த மரியாதையிலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. சொந்தக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை வெளியில் போய் விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். தேங்காயிடம் கேட்கலாம், பூவிடம் கேட்கலாம், தோண்டின குழியிடம்கூடக் கேட்கலாம். ஆபீசில் கேட்டால் மட்டும் அவமரியாதை! என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார், போய்க் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று. “நம்பிக்கிட்டே கேக்கறனுங்க” என்றேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். சர்வே நம்பர் சைட் நோட்டீசிலேயே அச்சடித்திருந்தது. நகரமைப்பு ஆபீசில் மேசைக்கு மேசை தள்ளிவிட்டார்கள். எல்லா மேசையிலும் ஒரே கேள்வி. வீட்டுக்காரர் வரவில்லையா? வரவில்லை, நான் வந்திருக்கிறேன். அவரை வரச் சொல்லுங்கள், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. மேப் பார்க்கிறவர் அன்றைக்கு வேலையாக வெளியே போயிருந்தார். நான் வீட்டுக்காரரைக் கூட்டி வரப் போகிறேன் என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் நானேதான் போனேன். மேப் பார்க்கிறவர் இருந்தார். தலை நிமிராமல், “ஊட்டுக்காரரு வரலீங்களா?” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “அவரு அங்க கொதிக்கற இரும்பை ஊத்திக்கிட்டு நிக்கறாருங்க. அவரு வந்தாத்தான் மேப்பு தெரியுமுங்களா? நான் மோட்டாருக்குக் காயில் சுத்தறவ. ஒரு சுத்துத் தப்புனா மோட்டாரே எரிஞ்சு போயிரும். கலர் அடிச்ச மேப்பு எனக்குப் புரியாதுங்களா?”

என் குரல் கொஞ்சம் பெரிய குரல். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவரோ என் பக்கத்தில் பெஞ்சில் இருந்த மகளைத்தான் பார்த்தார். மாடிப்படி ஏறி வந்ததில் அவளுக்கு விசில் ஆரம்பித்திருந்தது.

“பாப்பாவுக்கு என்னங்க?”

“இளைப்புங்க. அதுக்குத்தானுங்க எடம் பாக்கறோம்.”

அவர் எழுந்து போய் ஒரு பெரிய மேப்பை எடுத்து வந்து மேசை மேல் விரித்தார். மஞ்சள், பச்சை, ஊதா என்று திட்டுத் திட்டாகக் கலர். மஞ்சள் வீடு கட்டுகிற இடம், பச்சை விவசாயம், ஊதா தொழிற்சாலை என்று பொறுமையாகச் சொன்னார். என் சர்வே நம்பரை வாங்கிக்கொண்டு விரலை ஊர வைத்துக்கொண்டே போனார். விரல் நின்ற இடம் நல்ல ஊதா. ஓரத்தில்கூட இல்லை, நட்டநடு ஊதா.

மகள் பெஞ்சை விட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, நம்ம ஊடு ஊதாக் கலரா? அழகா இருக்குதும்மா” என்றாள்.

அவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். “இதுக்குள்ள ஊடு கட்ட பிளான் பாஸ் ஆகாதுங்க. மீறிக் கட்டுனீங்கன்னாலும், நாளைக்குப் பக்கத்துலயே பவுண்டரி வந்தா நீங்க ஒண்ணும் கேக்க முடியாதுங்க. அது அவிய எடம். நீங்கதான் தப்பான எடத்துல வந்து உக்காந்திருக்கீங்கன்னு சொல்லுவாங்க.”

அண்ணன் காட்டிய மனை வரைபடத்தில் பஞ்சாயத்து சீல் இருக்கிறதே என்று கேட்டேன். தெருவும் சாக்கடையும் எங்கே வரும் என்பதற்கு அந்த சீல் போதும், அங்கே வீடு வரலாமா என்பதை இந்த மேப்தான் சொல்லும் என்றார். எழுத்தில் வேண்டும் என்றேன். மனு கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். அதற்குப் பதில் வர நாளாகும் என்றார். அது ஒழுங்காக வரவும் செய்தது. அது வருவதற்குள் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கம் இல்லை, முழுக்கக் கோபம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணன் ஏமாற்றுகிறவர் இல்லை. அவரே அங்கே சைட் எடுத்திருந்தார். அவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் வரிசையாகப் போய் ஒரு பவுண்டரியின் மடியில் உட்காரப் பார்த்தோம்.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும், “வாக்குக் குடுத்துப்போட்டமே புள்ள. அக்காகிட்ட என்னன்னு சொல்றது?” என்றார்.

நான் சொன்னேன்: “உங்க மொதலாளி ஒரு உலையக் கொண்டுபோய் வைக்கறதுக்கு ஜோன் பாக்கறாருங்க. நான் என்ற பிள்ளையக் கொண்டுபோய் வைக்கப் போறேன். நான் பாக்கக்கூடாதுங்களா?”

அவர் தன் கை ரேகையில் ஏறியிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டாலும் போகாத கரி அது.

ஆவணி முகூர்த்தமும் வந்தது. நங்கையா வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நிலக்காரர் வேட்டி சட்டையில் வந்து நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. சங்கிலியும் வளையலும் விற்றுப் பணமாக வரும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் இரண்டையும் போட்டுக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான் போட்டேன். உள்ளே நுழைந்ததும் நங்கையாவின் கண் என் கழுத்துக்குப் போயிற்று, அங்கிருந்து கைக்குப் போயிற்று, அப்புறம் தம்பியின் முகத்துக்குப் போயிற்று.

தட்டை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார் அண்ணன். என் வீட்டுக்காரரின் கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. நான் எழுந்தேன்.

“அண்ணா, மன்னிச்சுக்கோங்க. இந்த சைட்டு எங்களுக்கு வேண்டாமுங்க. அது வீட்டு எடம் இல்லீங்க, கம்பெனி எடம். ஆபீசுல மேப்புப் பாத்துட்டு வந்தேன். நீங்களும் வேண்டாமுங்க, யாருமே வாங்க வேண்டாமுங்க.”

எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். நிலக்காரர் சிரித்துக்கொண்டு, அதெல்லாம் ஆபீஸ் மேப், மாறிக்கிட்டே இருக்கும் என்றார். அப்படியானால் மாறின பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. “சாமியே பூக் குடுத்திருக்குது அம்மணி. சாமிய விட உனக்கு ஆபீசு பெருசாப் போச்சா?”

“சாமி பொய் சொல்லலீங்கண்ணா. மண்ணு நல்லதான்னு கேட்டோம், நல்லதுன்னு சொல்லுச்சு. பக்கத்துல பவுண்டரி வருமான்னு நாம கேக்கவே இல்லீங்களே.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். நங்கையா எழுந்து என் முன்னால் வந்து நின்றார். “என்ற ஊட்டுக்காரரு பொய் சொல்றாருங்கறயா?”

“இல்லீங்க நங்கையா. அண்ணனுக்கும் தெரியலீங்கறேன். தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன்.”

“நேத்து வந்தவ நீ எங்களுக்குச் சொல்லித் தர்றயா? இந்த வாசப்படிய விட்டு எறங்குனா மறுபடியும் ஏறக்கூடாது, பாத்துக்கோ.”

அந்த வீட்டில் எனக்குப் பிடித்த மனுஷி அவர். ஆனால் அந்த நேரம் என் காதில் விழுந்தது மகளின் விசில் மட்டும்தான். மகளைக் கைப்பிடித்து எழுப்பினேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் ஒரு கரிபடிந்த கை வந்து மகளைத் தூக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர். தலையைக் குனிந்தபடி, “போயிட்டு வாரேனுங்கக்கா” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஆசையாக எத்தனையோ பேசியிருக்கிறார். அக்காவிடம் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு எதுவும் ஈடாகாது.

அத்தோடு பேச்சு வார்த்தை நின்றது. திமிர் பிடித்தவள், சாமியையே சந்தேகப்பட்டவள், குடும்பத்தைப் பிரித்தவள் என்று விசேஷத்துக்கு விசேஷம் என் பேர் வளர்ந்தது. நங்கையாவின் மகள் பெரியவளான சீருக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. தாய்மாமன் இல்லாமலே சீர் நடந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் வேலைக்கும் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. அவருடைய வருத்தம் நியாயம், என்னுடைய முடிவும் நியாயம்.

மற்றவர்கள் அங்கேயே வாங்கினார்கள். அண்ணன் மூலை சைட்டில் மாடி வைத்தே வீடு கட்டினார்.

நாங்கள் மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ளே தள்ளி ஓர் இடம் பார்த்தோம். இந்தத் தடவை முதலில் ஆபீஸ். அதே மனுஷர் மேப்பை விரித்தார், இந்தத் தடவை வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை. மஞ்சள், சுற்றிலும் மஞ்சள். இடம் என்னவோ கோணல் மாணலாக இருந்தது. தண்ணீர் ஆழத்தில், தெருக்குத்து வேறு. என் வீட்டுக்காரருக்கு வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் மனசு ஆறட்டும் என்று குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டோம்.

மகள் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

“இன்னொன்னு எடுக்கட்டுமாம்மா?” என்று மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“வேண்டாம் கண்ணு. எடுத்தது போதும்.”

பூசாரி தயங்கித் தயங்கி, சாமி வேண்டாம் என்கிறது என்றார். நான் கையைக் கூப்பிக்கொண்டு சாமியையே பார்த்துச் சொன்னேன்: “வாங்கத்தான் போறேனுங்க. அதுக்கு என்ன தண்டனை உண்டோ என்ற தலையில போடுங்க. பிள்ளை மேல போடாதீங்க.” சண்டை போடுகிற குரலில்தான் சொன்னேன். சாமிக்குக் கேட்டிருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “கிரயம் எப்ப வெச்சுக்கலாம்?” என்றார். கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, பஸ்ஸாகப் போய்விட்டது.

ஓடு போட்ட இரண்டு அறைதான் கட்ட முடிந்தது. குடிபோன வருஷம் மார்கழியில் என் மகள் தலையணையில் தலை வைத்துத் தூங்கினாள். இளைப்பு அடியோடு போனது என்று பொய் சொல்ல மாட்டேன். எப்போதாவது வரும், ஓரிரு நாளில் போகும். ஆனால் உட்கார்ந்து தூங்கும் பழக்கம் அவளை விட்டுப் போயிற்று.

நாலு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அண்ணன் நின்றுகொண்டிருக்கிறார். வெள்ளைச் சட்டை, அதன் காலரில் பொடிப்பொடியாகக் கறுப்பு. அந்தப் புள்ளிகளை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

தென்னந்தோப்பை விற்றுவிட்டார்கள். வாங்கினவர் பவுண்டரி போட்டுவிட்டார். வீட்டுக்குள் பாத்திரம், பாய், சோறு எல்லாவற்றிலும் கரி. நங்கையாவுக்குப் புதிதாக இருமல். தெருவே சேர்ந்து போய்க் கேட்டதற்கு, பவுண்டரிக்காரர் ரொம்ப மரியாதையாக, “இது எங்க ஏரியாங்க, எல்லா பர்மிசனும் வாங்கித்தான் வெச்சிருக்கறோம். நீங்க எந்த பர்மிசன்ல ஊடு கட்டுனீங்க?” என்று கேட்டாராம்.

சொல்லிக் காட்ட என் நாக்கு துறுதுறுத்தது. நாலு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்த வசனம் அத்தனையும் தொண்டை வரை வந்தது. அண்ணன் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அம்மணி, அந்த ஆபீசுக்கு என்னோட ஒருக்கா வரமுடியுமா? எனக்கு அங்க பேசத் தெரியலை” என்றார். நான் உள்ளே போய் நல்ல சேலையாகப் பார்த்து எடுத்து வைத்தேன், மறுநாள் திங்கட்கிழமை, ஆபீஸ் திறந்திருக்கும்.

ஆபீசில் எங்கள் பழைய ஆள் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், வழக்கம்போல, என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்து, “சொல்லுங்க, என்ன விசயம்?” என்றார். அண்ணன் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

“என்னைக் கேக்காதீங்க. அம்மணியக் கேளுங்க. எங்க குடும்பத்துல அதுக்குத்தான் இது தெரியும்.”

பேசினேன். அந்த ஆபீஸ், அடுத்த ஆபீஸ், மாசு பார்க்கிற ஆபீஸ் என்று அந்தத் தெருப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வருஷம் அலைந்தோம். பவுண்டரியை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை, இடம் அவர்களுடையது. புகைக்கூண்டை உயர்த்த வைத்தோம், தூசி பிடிக்கிற கருவி வைக்க வைத்தோம். அவ்வளவுதான் முடிந்தது. நங்கையா கடைசியில் எங்கள் வாசற்படி ஏறி வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. என் மகளைப் பக்கத்தில் இழுத்து அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “சத்தமே இல்லையே அம்மணி” என்றார். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் இடம் வாங்கினாலும் நங்கையாதான் முதல் ஆளாக, “ஜோன் பாத்தீங்களா?” என்று அதட்டுகிறார். என் மகளுக்குக் கல்யாணமாகி அவளுக்கும் ஒரு பிள்ளை. போன வருஷம் அவள் வீட்டு மனை பார்க்கப் போனபோது புரோக்கர், உங்க வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது என்றானாம். மேப்பை விரிங்க, புரியுதா இல்லையான்னு நான் சொல்றேன் என்றாளாம் இவள். போனில் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு விற்காமல் போட்டுக்கொண்டு போன சங்கிலியும் வளையலும் வீடு கட்டும்போது போய்விட்டன, திரும்பச் செய்துகொள்ளவே இல்லை. ஆனால் என் பிள்ளையின் மூச்சுக்காக நான் வாங்கிக்கொண்ட ‘திமிர் பிடித்தவள்’ என்ற பேரை மட்டும் இன்றுவரை கழற்றவில்லை, எல்லா விசேஷத்துக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.